ஒன்பது பாட்டும் ஒரு லாண்ட்மாஸ்டரும்

மூன்றாவது பாட்டில்
ஒரு நிமிடம் பதினொராவது செக்கனில்
கிற்றாருக்கு அடியில் ஒரு இரைச்சல் வரும்.
பரமேசு அண்ணையின் லாண்ட்மாஸ்டர் அது,
நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு
விசுவமடுச் சந்தியைக் கடக்கிறது.
ஐந்து தரம் திரும்ப எடுத்தோம்.
ஐந்து தரமும் சொல்லிவைத்தாற்போல் வந்தார்.
ஆறாவது தரம் வரவில்லை.
கேட்டுப் பார்த்தோம்.
பாட்டில் ஆளில்லாத மாதிரி இருந்தது.
ஐந்தாவதையே வைத்துக்கொண்டோம்.

ஹாட்வெயார் கடைக்குப் பின்னால்
சீமெந்து அடுக்கிய அறை.
சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டினோம்.
முதலாளி வாடகை கேட்கவில்லை.
தட்டு எல்லாம் கோழிக்கடைத் தம்பியுடையது,
எண்ணித் திருப்பிக் குடுங்கோ என்றார், அவ்வளவுதான்.

பேஸ் கிற்றார் டிலக்சியுடையது,
அதாவது லீசிங் கம்பனியுடையது,
இன்னும் பதினாலு மாதத்துக்கு.
கஜரூபனுக்கு நாலு கோர்ட் தெரியும்.
ஐந்தாவதும் தெரியும் என்று சொல்வான்.
நான் பாடுவது;
மழை நாளில் மூக்கால்.
செஞ்சுடர் ஆடைத் தொழிற்சாலையில் கொலர் தைக்கிறாள்.
பகல் முழுக்க மெசின் இரைச்சல்,
அதை மறக்கத்தான் இரவில் றம்ஸ் அடிக்கிறாள் என்று
ஒரு வருசமாய் நினைத்திருந்தோம்.
நாலாவது பாட்டின் தாளமே
அவளுடைய பதினேழாம் நம்பர் மெசின்தானாம்.
நூல் அறுகிற இடத்தில்
நாங்கள் கோரஸ் தொடங்குகிறோம்.

குழுவின் பெயர் சிறுபோகம்.
குளத்தில் தண்ணி மிஞ்சினால்தானே விதைப்பு.
அல்பத்தின் பெயர் மிச்சக்காசு.
இறங்கேக்க தாறன் என்று
கண்டக்டர் சொல்லிவிட்டு மறந்த முப்பது ரூபாய்,
அதைக் கேட்க வெட்கப்பட்டு
இன்னும் ஒரு தரிப்பிடம் கூடப் போன ஒரு பெட்டை,
அங்கே அவள் கண்ட ஆள்.
ஆறாவது பாட்டு முழுக்க இதுதான்.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், பேட்டிக்கு.
எல்லாம் கேட்டார், காலால் தாளமும் போட்டார்.
பிறகு மெதுவாக,
“இதுக்குள்ள வன்னி எங்க இருக்கு?”
கஜரூபன் தந்தியை முறுக்கினான்,
ஏற்கெனவே சுருதியில் இருந்த தந்தியை.
டிலக்சி எழும்பிப் போய்
தேத்தண்ணி கொண்டுவந்தாள்,
சீனி கூட.

அந்த வருசம் அவளுக்கு ஆறு வயது.
அதைப் பற்றி அவளிடம் ஒரு பாட்டு இருக்கிறது.
ஒருநாள் இரவு பேஸில் மட்டும் வாசித்துப் பாடினாள்.
செஞ்சுடர் குச்சிகளை மடியில் வைத்திருந்தாள்,
ஒருதரமும் தட்டவில்லை.
பத்தாவதாய்ப் போடுவமா என்று கேட்டேன்.
“இது இந்த அறைக்குள்ள இருக்கட்டும்.”
லப்டொப்பில் ‘வேண்டாம் 2’ என்று கிடக்கிறது.
‘வேண்டாம் 1’ என்ன என்று
நாங்கள் கேட்டதில்லை.

சிக்னல் நாலு கோடு காட்டுவது
குளக்கட்டில் மட்டும்தான்.
இரண்டு மோட்டர் சைக்கிளில் நாலு பேரும் போனோம்.
தொண்ணூற்றிரண்டு வீதத்தில் டேட்டா முடிந்தது.
கடையைத் தட்டி எழுப்பி
ரீலோட் போட்டுத் திரும்பி வர
நுளம்பு எங்கள் இரத்தத்தில்
பாதியைக் குடித்திருந்தது.
ஒன்று முப்பத்தாறுக்கு ஏறி முடிந்தது.
விடியக்காலை பார்த்தால் ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.
அதில் நாலு பேர் நாங்கள்.
ஒன்று ஸ்கார்பரோவில் செஞ்சுடரின் மாமி.
மற்ற இரண்டு பேர் ஆர்?
ஆர் அந்த இரண்டு பேர் என்று
கிழமை முழுக்கக் கதைத்தோம்.

பரமேசு அண்ணைக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.
மதகில் குந்தியிருந்து,
காதோடு ஒட்டிக் கேட்டார்.
ஒரு நிமிடம் பதினொன்று வந்தது.
முகம் மாறியது.
“பெல்ட் தளர்ந்து கிடக்கு.
முதலே சொல்லியிருக்கலாமே தம்பி.”
அன்றைக்கே கராச்சுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இப்போது வண்டி புதுசு மாதிரிப் போகிறது.
அந்தப் பழைய இரைச்சல் வேண்டுமென்றால்
எங்களிடம்தான் வரவேண்டும்.

முட்டைத் தட்டு
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
எண்ணிக்கையில் மூன்று குறைகிறது.