பதினேழாம் பக்கத்திலிருந்து

மார்த்தாண்டம் பாலத்தின்மேல் போகும் பேருந்துகள்
என் ஜன்னலுக்கு நேரே போகும்.
நெரிசலில் நின்றுவிட்டால்
களியக்காவிளைக்காரர்கள்
நான் சூரியன் வரைவதை
வேடிக்கை பார்ப்பார்கள்.

பதினொரு வருடம்.
கன்னியாகுமரி லாட்ஜுகளில் அறைக்கு ஒன்று.
"பாறை அப்பிடியே இருக்கட்டு,
சூரியன மட்டும் கொஞ்சம் பெரிசா"
என்பார் சஜின்ராஜ்.
நானூற்றுச் சொச்சம் உதயங்கள்.
ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.
எனக்கு எட்டு மணிக்குத்தான் விடியும்.

சித்திரையில் கை நின்றது.
வலியில்லை, வீக்கமில்லை.
ஆரஞ்சு டியூபைத் திறந்தேன்,
மறுபடி மூடியைத் திருகினேன்.
அவ்வளவுதான்.

"இனி என்ன வரையப் போற?" என்றாள் ஜெபகனி.
தெரிந்தால் வரைந்திருப்பேனே.

இடவப்பாதி வந்தது.
ஈரத்தில் காகிதங்கள் சுருளும்.
நிமிர்த்தி வைக்க
அவற்றின்மேல் புத்தகங்களை அடுக்குவேன்.
கல்லூரி நாட்களில்
தக்கலையில் இறங்க விடாமல்
குலசேகரம் வரை என்னைக் கொண்டுபோனவை.
இப்போது எடைக்கல்.
தடிமன் பார்த்து எடுப்பேன்,
பெயர் பார்ப்பதில்லை.

அன்று கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை.
மரச்சீனி அடுப்பில்.
அது வேகும்வரை என்ன செய்ய என்று
அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினேன்.
அட்டை இல்லை.
முதல் பதினாறு பக்கங்களும் இல்லை.
பதினேழாம் பக்கத்தில் ஒருத்தி
ஏற்கெனவே கோபமாக இருந்தாள்.

யார்மேல், எதற்கு, தெரியாது.
எனக்கு வாசிக்க மறந்திருந்தது.
கண் வரியில் நிற்காமல்
ழகரத்தின் வாலைப் பார்த்தது,
ணகரத்தின் சுழிகளை எண்ணியது,
அச்சு மை எங்கே கனத்திருக்கிறதென்று
கடைக்காரனைப்போல் சோதித்தது.
ஒரே வாக்கியம் நான்கு முறை.
ஐந்தாவது முறை
எழுத்துகளைக் காணவில்லை.
அவள் வாளியைத் தரையில் வைத்த
சத்தம் மட்டும் கேட்டது.

கிழங்கு கரிந்த வாசனை வந்தபோது
நாற்பத்து மூன்றாம் பக்கம்.
அடிப்பிடித்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு
மீதியைக் காந்தாரிச் சம்மந்தியில் தொட்டபடி
இடது கையால் புரட்டினேன்.
அறுபதில் மட்டும் வலது கை.
எண்ணெய் விரல் இன்னும் அங்கே இருக்கிறது.

மறுநாளே வரைந்தேன் என்று சொன்னால்
நன்றாக இருக்கும்.
வரையவில்லை.
இன்னொன்றை உருவினேன், பிறகு இன்னொன்றை.
அடுக்கு இளைக்க இளைக்க
அடியில் கிடந்த உதயங்கள்
ஓரத்திலிருந்து சுருளத் தொடங்கின.
பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

ஆடியில் ஒரு மத்தியானம்
பென்சிலால் ஒரு வாளி,
அதன் கம்பியைப் பிடித்த விரல்முட்டிகள்,
முழங்கை வரை.
அதற்குமேல் போகவில்லை.
அவள் முகம்
அந்தப் பதினாறு பக்கங்களில் இருந்திருக்கும்.
இதுதானா இனி என்று கேட்காதீர்கள்.
நிறம் இல்லை, வாங்க ஆள் இல்லை,
வாளி கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது.

நேற்று மழையில் பேருந்து நின்றது.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
கண்ணாடியைத் துடைத்து, கழுத்தைச் சாய்த்து,
என்ன புத்தகம் என்று பார்க்க முயன்றான்.
தூக்கிக் காட்டினேன்.
அட்டைதான் இல்லையே.
என்ன புரிந்ததோ, தலையாட்டினான்.
பின்னால் ஹாரன்கள்.