நவம்பர் பட்டியல்

அக்டோபர் கடைசி வாரம்
பொருளாளர் சாமியார் எனக்கு வேறு வேலை தரமாட்டார்.
பழைய மாணவர் பேரேட்டில்
யார் யார் போய்விட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.
அலுவலகத்தில் இதற்கும் 'சேர்க்கை' என்றுதான் பேர்.
ஜூனில் ஒரு சேர்க்கை, நவம்பரில் ஒன்று.

தகவல் எப்படியாவது வந்துவிடும்.
சந்தா கேட்டுப் போட்ட கார்டு
தபால்காரர் கிறுக்கலோடு திரும்பும்.
தேவகோட்டை ரஸ்தாவில் பஸ்ஸுக்கு நிற்கையில்
மின்கம்பத்துக் கண்ணீர் அஞ்சலியில் ஒரு மீசை
எங்கேயோ பார்த்த மீசையாக இருக்கும்.
ஓய்வூதியத் தாளோடு மனைவிகள் வருவார்கள்.
நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்கள்.

இந்த வருஷம் பதினொரு பேர்.

வரலாறு சந்தியாகு சார்.
தேதி எதுவும் மனசில் நிற்காது அவருக்கு.
"அது ஒரு மே மாசம்ப்பா, நல்ல வெயில்" என்றுதான்
சிப்பாய்க் கலகத்தைத் தொடங்குவார்.
அவரும் மே மாசம்தான். நல்ல வெயில்.
தேதி என்னிடம் இருக்கிறது: பத்தொன்பது.

தாவரவியல் லிடியா மேடம்.
இந்தச் செம்மண் மேட்டில் வேம்பு தவிர எதுவும் வராது என்றதற்கு
பதினாறு வகைக் கன்று நட்டு
வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தவர்.
நின்றது வேம்பு.

வணிகவியல் உமையாள்,
பெண்களைச் சேர்த்த முதல் வருஷம் வந்த நாலு பேரில் ஒருத்தி.
கழிப்பறை கட்டி முடிக்கும்வரை
நாலு பேரும் பகலில் தண்ணீர் குடிக்கவில்லையாம்.
மகள் எழுதியிருந்தாள், சிறுநீரகம் என்று.
இரண்டையும் நான் சேர்த்து எழுதவில்லை.
பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

போன வருஷம் ஒரு தப்பு செய்தேன்.
பள்ளத்தூருக்குப் போன கார்டு
'கதவு பூட்டு' என்று வந்தது, மூன்று முறை.
இந்தப் பக்கம் அதற்கு அர்த்தம்
சென்னை, இல்லையென்றால் பினாங்கு,
அதுவும் இல்லையென்றால் பங்காளிகளுக்குள் வழக்கு.
தெருத்தெருவாய்ப் பூட்டித்தான் கிடக்கிறது, ஆட்கள் உயிரோடு.
தெரிந்தும்
காசி. நாச்சியப்பன், இயற்பியல், எழுபத்திரண்டு என்று
மைக்கில் வாசித்துவிட்டேன்.
மெழுகுவத்தியும் ஏற்றியாயிற்று.

இந்த வருஷம் அவரே வந்தார்.
காதோரம் நரைமயிர், கையில் மஞ்சள் பை.
"என்னை அனுப்பி வச்ச செலின் நீங்கதானாம்மா?"
அவசரமாய் வெள்ளை மையை எடுத்தேன்.
"அழிக்காதீங்க, இருக்கட்டும்.
தேதியை மட்டும் காலியா விடுங்க."

சிற்றாலயத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.
வாசிக்க ஆரம்பித்தேன்.
மூன்றாவது, புதுவயல் ஹபீப் முகம்மது.
இயற்பியல், எழுபத்திரண்டு.
திரி கொளுத்தும் மாணவி
இவருக்கும் உண்டா என்று என்னைப் பார்த்தாள்.
பின்னாலிருந்து வந்தது:
"உள்ளேன் ஐயா."

எல்லாத் தலையும் திரும்பியது.
டீ குடிக்கும்போதுதான் விவரம் சொன்னார்.
தமிழ் ஐயா இன்னாசிமுத்துவிடம் 'எஸ் சார்' செல்லாது.
வெள்ளி மத்தியானம் ஹபீபு தொழுகைக்குப் போய்விடுவான்.
குரலை மாற்றி இவர் சொல்வார்.
ஐயாவுக்குத் தெரியும். மூன்று வருஷமும்
நிமிராமல் எழுதிக்கொண்டாராம்.

அதெல்லாம் பிறகு.
அப்போது என் கையில் தாள் ஆடிக்கொண்டிருந்தது.
பதினொன்றும் முடிந்து, பன்னிரண்டாவதாய்
யாரையும் கேட்காமல் நான் எழுதிய ஒரு பெயர்.
அடைக்கலம், வேதியியல் கூடத்து எடுபிடி.
பட்டதாரி இல்லை. ஆசிரியரும் இல்லை.
முப்பத்தொரு வருஷம் குப்பி கழுவிக் கழுவி
ரேகை தேய்ந்து
வங்கி மெஷின் அடையாளம் காணாத விரல்.

"அடைக்கலம்" என்றேன்.
துறை, ஆண்டு சொல்லும் இடத்தில் நின்றுவிட்டேன்.
முதல்வர் நிமிர்ந்து பார்த்தார்.
பின் பெஞ்சிலும் சத்தம் இல்லை;
நாச்சியப்பனுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை.
மேலே மின்விசிறி ஒன்று கரகரத்தது.

உள்ளேன் ஐயா என்றேன்,
எனக்கே கேட்காத குரலில்.
மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.