மீதி இல்லாத கணக்கு

ஜெபத்தில் அந்த இடம் வரும்போது மட்டும்
என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.
அப்பம் கேட்கிற வரைக்கும் சத்தமாகத்தான் வருவேன்.
அடுத்தது கடன்.
சபை முழுக்கச் சொல்லும்.
நான் முந்தானையைச் சரிசெய்வேன்.

இரண்டு பெஞ்சு முன்னால் எப்சிபா.
அவள் பின்கழுத்து எனக்கு மனப்பாடம்:
மஞ்சள் கயிறு, வேர்க்குரு, பவுடர் திட்டு.
கம்பெனி பஸ்ஸில் அவள் முன்வாசலில் ஏறினால்
நான் பின்வாசலில் ஏறுவேன்.
ஏழு மாதமாக.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனி, இரண்டாம் லைன்,
தையல் மிஷின்காரிகள் இருபது பேர் சேர்ந்த சீட்டு.
பிடித்தவள் நான்.
மூன்றாம் மாதமே தள்ளி எடுத்தாள் எப்சிபா.
அவள் புருஷனின் கால்
வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது.
காலும் போனது, பணமும் போனது.
மாதம் இரண்டாயிரத்து நூறு,
கட்டாமல் விட்டது ஏழு மாதம்.
அவளுக்காகக் கட்டியது என் தோடு.
குடியாத்தம் அடகுக்கடையில் அது இப்போது
மடித்த ரசீதாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு ஐயர் விளக்கினார்,
அந்த இடத்தில் கடன் என்றால் பாவம் என்று.
அப்பாடா!
மூன்று வாரம் முழுத்தொண்டையில் சொன்னேன்.
எப்சிபா எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லையே,
பணம்தானே தரவேண்டும்.

லைனிலும் அதே வார்த்தைதான் ஓடும்:
"எப்சிபா பாவம்க்கா."
ஐயர் சொன்ன பாவம் வேறு,
இவர்கள் சொல்கிற பாவம் வேறு.
இரண்டுக்கும் நடுவில்
நூல் அறுந்த மிஷின் மாதிரி
நான் சும்மா ஓடிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்துக்கு மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன்.
பணத்துக்குத்தான் போனேன், வேறெதற்கு?
சின்னவன் வாசலில் நின்றான்.
"அம்மா ஊருக்குப் போயிருக்கு."
உள்ளே திரையாகத் தொங்கிய போர்வைக்குக் கீழே
இரண்டு பாதங்கள்.
குதிகாலில் சொல்யூஷன் கறை, என் கறை போலவே.
சுவரோரம் ஒரு ஜோடி ஆண் செருப்பு.
இடது தேய்ந்து ஓட்டை.
வலதில் கடை ஸ்டிக்கர் இன்னும் கிழியவில்லை.

கேட்க வந்ததை மறந்து
"தண்ணி குடு கண்ணா" என்றேன்.
லாரி வந்து ஒன்பது நாளாகிற தெரு அது.
பையன் போர்வையைப் பார்த்தான்.
போர்வை லேசாக அசைந்தது.
சொம்பு நிறையக் கொண்டுவந்தான்.

ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவருக்கும்
பலன் வீண்போகாதாம்.
சரி, இந்தச் சொம்பை நான்
எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

இரவு நோட்டைப் பிரித்தேன்.
பதினாலாயிரத்து எழுநூறு.
மேலே, என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு, கடன்.
பாவம் என்று எழுதியிருந்தால்
அடித்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.
ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னாரே,
அது எவ்வளவு வரும் என்று
வீம்புக்குப் போனில் பெருக்கினேன்.
நானூற்றுத் தொண்ணூறு.
அதே வீம்பில், கடனை அதால் வகுத்தேன்.
முப்பது.
மீதி இல்லை.
தப்பாக அழுத்திவிட்டேனோ என்று
மறுபடி போட்டேன்.
முப்பதேதான்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
மின்விசிறி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

இந்த ஞாயிறு அந்த இடம் வந்தது.
நான் முந்தானையைத் தொடவில்லை.
பின்கழுத்தை விட்டு
முதன்முதலாக அவள் தாடையைப் பார்த்தேன்.
அசையவில்லை.
அவளும் அங்கே சொல்வதில்லை.
எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்?
சபை எங்கள் இருவரையும் தாண்டிப் போய்
ஆமென் வரைக்கும் சேர்ந்துவிட்டது.
நான் மட்டும் பின்னால் நின்று,
எறும்புக்குக் கேட்கிற குரலில்
அந்த ஒரு வரியைச் சொன்னேன்.
பாதியில் இருமல் வந்தது.

நோட்டில் இன்னும் எதையும் அடிக்கவில்லை.
பொய் சொல்லக் கூடாது.
ஆனால் திங்கட்கிழமை முன்வாசலில் ஏறினேன்.
அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.
அவள் பையை மடியில் எடுத்துக்கொண்டாள்.
காது லேசாக இருக்கிறது.
அதைப்பற்றி ஆண்டவரிடம்
தனியாகப் பேசிக்கொள்கிறேன்.