அங்கத்தவர் இல. 88

திங்கள் முதல் புதுக் கட்டணம்.
இருபது கிராமுக்கு மேலே மயிரளவு கூடினாலும் இரட்டிப்பு என்று
களுவாஞ்சிகுடித் தபால் கந்தோரில்
கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

சங்கத்தில் முந்நூற்றுப் பதினொரு பேர்.
கல்முனை நகைக்கடையில் தராசு இரவல் வாங்கி வந்தேன்.
பொதுக்கூட்ட அறிவித்தல், கணக்கறிக்கை, உறை:
இருபத்துமூன்று.
ஸ்டேப்ளர் கம்பியைக் கழற்றினேன்.
தாளின் ஓரங்களை வெட்டினேன்.
தலைவரின் வாழ்த்துரையைத் தூக்கினேன்,
ஒருவரும் தேடவில்லை.
பத்தொன்பதரை.

அந்த ருசியில்
பட்டியலிலும் கை வைத்தேன்.
கட்டாரில் நாலு பேர்.
செத்தவர் பதினேழு.

அடுத்த வெள்ளி
நனைந்த குடையோடு வந்தா பூரணலெட்சுமி.
"பக்கத்து வளவுக்கு வந்திருக்கு.
எங்கட இவருக்கு ஏன் வரல்ல?"

"அவர் போய் ஆறு வருசமெலுவா?"

"ஓம்.
தபால்காரன் படலையில நிண்டு
வேலாப்போடீ எண்டு கூப்பிடுறது
வருசத்துல அந்த ஒரு நாள்தானே."

புது உறை எடுத்தேன்.
வெட்டாத தாள், கம்பி, வாழ்த்துரை,
எல்லாம் சேர்த்து இருபத்துமூன்று.
கூடின முத்திரைக்கு
என் சட்டைப்பைக் காசு.

கூட்டக் குறிப்பில்
வழமைபோல் எழுதினேன்:
க. வேலாப்போடி,
சமுகமளிக்கவில்லை.