காவேரிப்பட்டணத்தில் ஒரு கடற்பஞ்சு

தண்ணீருக்கடியில் அது கருநீலம்.
ஜாடியில் போட்டு ஸ்பிரிட் ஊற்றிய மூன்றாம் நாள்
பஞ்சு வெளுத்துவிட்டது,
ஸ்பிரிட் பச்சையாகிவிட்டது.
மண்டபத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில்
ஆறு வருஷம் தொட்டி கழுவினேன்.
கூடத்தை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த ஜாடியை
லுங்கியில் சுற்றி எடுத்து வந்தேன்.
கூடவே, அங்கே கணக்கெழுத வந்திருந்த
முனிரத்னாவையும்.
இல்லை, தப்பாகச் சொல்கிறேன்.
அவள்தான் என்னை எடுத்து வந்தாள்.

இங்கே மாங்கூழ் ஆலையில்
இனிப்பை அளக்கிறேன்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
உள்ளே ஒரு கோடு விழும்.
பதினாறு. சில நாள் பதினேழு.
மரம் எவ்வளவு வெயில் தின்றது என்ற கணக்கு,
வேறொன்றுமில்லை.

பஞ்சுக்கு மரம் கிடையாது.
அதன் தோலுக்கடியில்
வெயில் எட்டுகிற ஆழம் வரைக்கும், ஒரு நகக்கண் அளவு,
நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது.
வெயிலைச் சர்க்கரையாக்கிக் கசியவிடும்.
பஞ்சு அதற்குச் சுவர் தரும்,
தன் கழிவையும் தரும், எருப்போல.
யார் வீட்டுக்காரர், யார் குடித்தனம் என்று
படகில் வந்த டாக்டரம்மாவைக் கேட்டேன்.
"அந்த வழக்கு முடியலை, கஸ்பார்" என்றார்.

நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி
பாக்டீரியாவைப் பிடித்துத் தின்பதுதான் பஞ்சின் பிழைப்பு.
உள்ளே இருப்பதை மட்டும் எப்படித் தின்னாமல் விடுகிறது?
இதை நான் கேட்கவில்லை.
இந்த வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி,
ஒன்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க
களியை மென்று மென்று உட்கார்ந்திருந்தபோதுதான்
தோன்றியது.
களியை மெல்லக் கூடாதாம். விழுங்க வேண்டுமாம்.

ரேஷன் அட்டையில் கடைசி வரி நான்.
அதற்கு முன்னால் மண்டபத்துக்கு மூன்று நடை.
அங்கே நான் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான்
இங்கே இருக்கிறேன் என்று ஏற்றினார்கள்.
டீக்கடையில் "வீட்டோட மாப்ளே" என்பார்கள்.
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
எப்போதும் ஒரு கிளாஸ் கீழே வைக்கப்படும் சத்தம்.

ஒருமுறை டாக்டரம்மா சொன்னபடி
பன்னிரண்டு பஞ்சுகளுக்கு மேலே
கறுப்பு வலை கட்டினேன்.
ஆறு வாரம்.
அவிழ்த்துப் பார்த்தால் சில பஞ்சுகள்
காய்ச்சலில் கிடந்த பிள்ளைபோல
வெளிறிச் சுருங்கியிருந்தன.
பக்கத்திலேயே வேறொரு ஜாதிப் பஞ்சு,
அதற்குள்ளும் பாசிதான்,
ஒன்றுமே ஆகாமல் அப்படியே இருந்தது.
நோட்டில் இரண்டையும் எழுதினோம்.
முடிச்சுப் போட்ட கை என்னுடையது என்பதை
எந்தப் பத்தியில் எழுதுவது?

சில பஞ்சுகள் முட்டைக்குள்ளேயே
பாசியை வைத்து அனுப்பிவிடும்.
மகளுக்கு முன்பல் முளைத்திருக்கிறது.
அதில் சுண்ணாம்பு தொட்டதுபோல் ஒரு கோடு,
எங்கள் போர்வெல் தண்ணீர் போட்டது.
முனிரத்னாவின் பல்லில் அது பழுப்பாக இருக்கும்.
என் பல்லில் இல்லை.
"எங்கள் போர்வெல்" என்றா சொன்னேன்?

போன வாரம் முதல் மழை.
பாறைக் குன்றில் மேலிருந்து கீழே வழியும் கறுப்புக் கோடுகளை
தீப்பட்ட கறை என்றே எட்டு வருஷமாக நினைத்திருந்தேன்.
நனைந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன்.
பச்சை.
அதே குலம்.
இது யாருக்குள்ளும் குடியேறாமல்
எட்டு மாதம் செத்ததுபோல் கிடந்து
பத்து நிமிஷத்தில் எழுந்திருக்கிறது.
வெகுநேரம் நின்றேன்.
பொறாமையா என்று சரியாகத் தெரியவில்லை.
மழை வலுத்தது. குடை அவளிடம் இருந்தது.

ஜாடி இன்னும் ஜன்னலில்தான்.
வெயில்பட்டுப் பச்சை போய்
நல்ல தேன் நிறம்.
மாமனார் திம்மராயப்பா நேற்று அதைத் தூக்கி
வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.
"குடிக்கிறதா இது?"

"இல்ல மாமா.
குடியிருந்தது."