நாற்பத்திரண்டு வரை

நூற்றுப் பத்தடியில் சுவர் விழுந்தது.
சத்தமே இல்லை.
ராடு மட்டும் ஒருமுறை முனகிவிட்டுச்
சுற்ற மறுத்தது.
அத்தப்பன் லீவரிலிருந்து கையை எடுத்தார்.
எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப்பையில் பீடி தேடினார்.

திருச்செங்கோட்டு வண்டி.
நாலு மாநிலத்து மண் ஒட்டிய டயர்.
எங்கெங்கோ கருங்கல்லைத் தின்றுவிட்டு வந்தது
வீட்டுக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில்,
மணலில் மாட்டி நிற்கிறது.

பாறை நல்லது.
துளைத்த துளை துளையாகவே நிற்கும்.
இந்த மணலுக்குத்தான்
போன இடமெல்லாம் பின்னாலேயே வந்து
வழியை அடைத்துக்கொள்ளும் குணம்.

என் வேலை சேறு கரைப்பது.
கல்யாணப் பத்திரிகையில் மட்டும்
‘போர்வெல் பொறியாளர்’ என்று போட்டார்கள்.

காலையில் கரைத்தது
கஞ்சித் தெளிவாய்க் கிடந்தது குழியில்.
பதினோரு மூட்டை பெண்டோனைட்.
புனலில் ஊற்றினால்
முப்பது எண்ணுமுன் குவளை நிறைகிறது.
வெறும் தண்ணீருக்கே இருபத்தாறு.

குழியோரம் குந்தி
ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.
உப்புக்குப் பின்னால்
பெயர் வைக்க முடியாத ஒரு கசப்பு.
பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்.
சாயம் பனியனோடு கப்பலேறிப் போய்விட்டது,
எந்த நாட்டுப் பிள்ளையின் முதுகிலோ சிவப்பாய் இருக்கும்.
உப்புக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.

உப்புத் தண்ணீரில் அந்தக் களிமண் விரியாது.
பயந்த பிள்ளைகள் போல
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
அடியில் போய் உட்கார்ந்துவிடும்.
சோடா சாம்பல் போட்டுப் பார்த்தேன்.
சுண்ணாம்புக் கடுப்புக்குக் கேட்கும்.
இதற்குக் கேட்கவில்லை.

“நல்ல தண்ணி வேணுமுங்க” என்றேன்.
பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.
“நல்ல தண்ணி இருந்தா
உங்கள எதுக்குங்க கூப்புடறேன்?”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
அத்தப்பன் பீடியை அணைத்தார்.
கம்ப்ரசர் மட்டும் சும்மா உறுமிக்கொண்டிருந்தது
டீசலைக் குடித்துக்கொண்டு.

இருட்டும் நேரம் லாரி வந்தது.
காவேரித் தண்ணீர், ஆறாயிரம் லிட்டர்.
பாவாயி முதலில் ரெண்டு குடம் பிடித்துக்கொண்டார்.
மூன்றாவது குடத்தை எடுத்து, யோசித்து,
கவிழ்த்து வைத்தார்.
மிச்சம் முழுக்கச் சேற்றுக்கு.

பெண்டோனைட்டைத் தூவ வேண்டும்,
விபூதி போல.
பாலிமரை நூலாக விழவிட வேண்டும்.
அவசரப்பட்டுக் கொட்டினால் மீன்கண் கட்டும்,
விடிய விடியக் கலக்கினாலும் கரையாது.
ஒன்பது மணிக்குச் சேறு
மோட்டார் வெளிச்சத்தில்
எருமை முதுகு மாதிரி மின்னியது.

சோமரா புனலின் வாயை விரலால் அடைத்தான்.
எடுத்தான்.
ஜார்கண்டுக்குப் போனில் பேசும்போது ஒரு மொழி,
எண்ணும்போது தமிழ்.
முப்பத்தொண்ணு.
முப்பத்தாறு.
எல்லாரும் குவளையின் கோட்டைப் பார்த்தோம்.
நாப்பது. நாப்பத்தொண்ணு.
நாப்பத்திரெண்டு.
அத்தப்பன் லீவரில் கை வைத்தார்.

இரும்பில்லை, சிமெண்டில்லை.
துளையின் உட்சுவரில்
தாள் கனத்துக்கு ஓர் ஈரத்தோல் படரும்.
சாய வருகிற மணலை
உள்ளே நிறைந்த சேறு
தோள் கொடுத்துத் தள்ளிப் பிடிக்கும்.
மட்டம் இறங்கினால் போச்சு.
அதனால் ராத்திரி முழுக்க
நான் குழியைவிட்டு நகரவில்லை.
ஒண்ணுக்குப் போனதுகூட
சோமராவை நிறுத்திவிட்டுத்தான்.

மூன்றரைக்குப் பாறை தட்டியது.
கேசிங் இறங்கியது, ஒவ்வொரு பைப்பாக, மறுபேச்சில்லாமல்.
அதோடு என் சேற்றுக்கு வேலை முடிந்தது.
ஆறாயிரம் லிட்டர் காவேரி
வரப்போரம் காய ஆரம்பித்தது.

அப்புறம் காற்றும் சம்மட்டியும்.
வெள்ளைப் புழுதி. வெள்ளைப் புழுதி.
எங்கள் புருவமெல்லாம் நரைத்துப் போனது.
முந்நூற்று எழுபதில்
புழுதி கனத்தது.
பிறகு பீறிட்டது.

சோமரா பழக்க தோஷத்தில்
தெளிந்ததைப் புனலில் ஊற்றி எண்ணினான்.
இருபத்தாறு.
“தண்ணிதான்” என்றான், சிரித்தான்.

தண்ணீர்தான்.
அதற்குமேல் புனல் எதுவும் சொல்லாது.
முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு
பாவாயி
ஒரு விரலை நனைத்தார்.