பதினோராம் நிமிடம்

நீடாமங்கலம் கேட்டுக்கு அந்தப் பக்கம்
மூடிக்கிடந்த அரைவை மில்லை
மூன்று இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம்.
ஒயர்களில்கூடத் தவிட்டு வாசனை.

பெலிக்ஸ் நகத்தால் பிறாண்டுவான், ஃப்ளமெங்கோ.
நகம் உடைந்தால் ஃபெவிகுவிக்.
வாஹிதா புரோக்ரசிவ் ராக்காரி,
டிரம்ஸ் ஏழில் ஓடும், திடீரென்று பதினொன்றாகும்,
கேட்டால் சிரிப்பாள்.
எனக்குக் கைத்தட்டல் மட்டும்:
பன்னிரண்டு எண்ண வேண்டும்,
மூன்று ஆறு எட்டு பத்து பன்னிரண்டில்
அழுத்தி அடிக்க வேண்டும்.
கொள்முதல் நிலையத்தில் பகலெல்லாம்
மூட்டை எண்ணுகிறவன் நான்.
இருந்தும் தவறியது.

முதல் ஆல்பம். ஐந்தே பாட்டு.
கடைசிப் பாட்டு பதினேழு நிமிடம்.
முப்பத்தாறாவது தடவை
ஒருவரும் பிசகவில்லை,
பதினோராம் நிமிடத்தில்
மன்னார்குடி ரயில் கூவிக்கொண்டு வந்தது.

யாரும் நிறுத்தவில்லை.
வாஹிதா தண்டவாளத்தின் தடதடப்பை
எண்ணத் தொடங்கிவிட்டாள், உதட்டில் தெரிந்தது.
பெலிக்ஸ் ஒரு சுரம் இறங்கி
கூவலுக்கு வழிவிட்டான்.
நான் தட்டிக்கொண்டே இருந்தேன்,
உள்ளங்கை எரிய.

அட்டையில்
கேட்கீப்பர் முத்துவீரப்பனுக்கு நன்றி போட்டோம்.
அவர் இன்னும் கேட்கவில்லை.
பதினேழு நிமிஷமா, என்கிறார்,
அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.